சூட்டுக் குளிசையும் குளிர்ச்சிக் குளிசையும்

எனக்கு வந்த வருத்தத்தின் பெயரை டொக்டர் சொன்ன அன்று அந்த அறையில் நானும் அம்மாவும் நிறை பார்க்கும் தாதியும் இருந்தோம். அப்பா இல்லை, நெளுக்குளத்தில் யாரோ ஒருவருடைய வயலில் கூலிக்கு வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் இல்லை, டவுனில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வருவாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை முதலில் கேட்டவர்கள் இரண்டு பேர். அதை எழுதிப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

யாரோ ஒரு ஜப்பான்காரருடைய பெயராம். எழுதிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர்தான் விளங்கப்படுத்தினார்.

"கழுத்திலை வண்ணாத்திப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, அம்மா. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் அதை எதிரி எண்டு நினைச்சு அடிக்குது. அடி விழேக்கை சில நேரம் அது கூடச் சுரக்கும். பிறகு களைச்சுப்போய்க் குறையச் சுரக்கும்."

அம்மா அதைத் தன் பேச்சில் திருப்பிக் கேட்டார். "அப்ப காவக்காரனே தோட்டத்துல கை வைக்கிறான்னு சொல்றீங்க."

"ஓம், அப்பிடித்தான்."

"அவன வேலைய விட்டு நிப்பாட்ட முடியாதுங்களா ஐயா?"

"அதுக்கு இன்னும் மருந்து வரேல்லை."

"காவக்காரனுக்கு எங்கயும் மருந்து வர்றதில்ல," என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கையெழுத்து என்பது பெருவிரல். அம்மா தேயிலை நிறுக்கும் தராசை வாசிப்பார், வேறொன்றும் வாசிக்கமாட்டார். நான் உயர்தர வகுப்புக்கு வந்திருந்தேன். வாத்தியாராவது என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவை எடுத்த கொஞ்ச நாளிலேயே என் கை நடுங்கத் தொடங்கியது. பேனையைப் பிடித்தால் எழுத்து கோழி கிளறியதுபோல விழுந்தது. நெஞ்சு சும்மா இருக்கும்போதும் ஓடியது. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. அதற்குத்தான் அன்று குளிசை தந்தார்கள், சுரப்பியை அடக்குவதற்கு.

அடக்கியது. அடங்கிய சுரப்பி பிறகு எழும்பவே இல்லை. மாசி முடியும்போது எனக்குக் குளிரத் தொடங்கியது. முகம் வீங்கியது. கேள்வி விளங்கும், பதில் வாய்க்கு வந்து சேர நேரமெடுக்கும். சித்திரை வெயிலில், தார் உருகும் ரோட்டில், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன்.

"மலைநாட்டான் வரேக்கை குளிரையும் கட்டிக்கொண்டு வந்திட்டான்ரா," என்றான் வகுப்பில் ஒருத்தன்.

"ஓம். வேணுமெண்டால் கொஞ்சம் தாறன், உனக்கு வேர்க்குது," என்றேன். பதில் வர நேரமெடுத்ததால் சிரிப்பும் பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தது. அதன் பிறகு வெயில் தணியும் வரைக்கும் அந்தச் சட்டையை நான் வேண்டுமென்றே கழற்றவில்லை.

டொக்டர் திட்டத்தை மாற்றினார். பழைய குளிசை வேண்டாம், இனிப் புதுக் குளிசை. அது சுரப்பி தராததைத் தரும். சரியென்று வந்துவிட்டோம். ஆனால் டொக்டர் தந்த மருந்தை எறிகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே போத்தல் மருந்துதான் கிடைக்கும். அதற்கும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவேண்டும். மிஞ்சிய குளிசையை அம்மா சேலைத் தலைப்பிலேயே முடிந்து வைத்தார். பிறகு யோசித்து ஒரு கணக்குக்கு வந்தார். பழையது என்னைக் குளிரப்பண்ணியது, ஆகவே அது குளிர்ச்சி. புதியது உடம்பைச் சூடாக்கத் தந்தது, ஆகவே அது சூடு. வெயிலில் நின்று வந்தால் மறுநாள் சூட்டுக் குளிசையோடு குளிர்ச்சிக் குளிசையும். மழை பெய்தால் சூடு மட்டும். அப்பாவுக்கு இது பிடித்துக்கொண்டது. சொல்லப்போனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நண்டு தின்ற அன்று இளநீர் குடித்து வளர்ந்தவன்தானே நானும். விடியற்காலையில் அம்மாவின் உள்ளங்கையில் இருப்பதை எடுத்துப் பால்தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு முறை சுரப்பு கூட என்று வந்தது. அடுத்த முறை குறைய என்று வந்தது. ஆனியில் டொக்டர் அப்பாவையும் கூட்டிவரச் சொன்னார். இப்படி ஏறி இறங்குகிற சுரப்பியை வைத்திருப்பதைவிடக் கொழும்புக்கு அனுப்பி வெட்டி எடுப்பது நல்லது என்றார். நாள் ஆவணியில். என் உயர்தர வகுப்புச் சோதனையும் ஆவணியில்.

"தொரை சொன்னா சரிங்க," என்றார் அப்பா. டொக்டர்களை அவர் துரை என்றுதான் சொல்வார். வெட்டச் சொல்வார்கள் என்று ஊகித்து, கிளினிக்குக்கு வரும் முன்பே கறவை மாட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்.

"குரலுக்கு ஒண்டும் ஆகாதோ?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் ஆகாது. சிலருக்குக் கரகரக்கும். சிலருக்கு அடைச்சுப்போகும்."

"நான் வாத்தியாராக வரப் படிக்கிறன், டொக்டர்."

"குரலுக்கு முதல் உயிர், தம்பி."

"நான் வெட்ட வரமாட்டன்."

அப்பா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் டொக்டரோ?"

"இல்லை, வருத்தக்காரன். கழுத்து என்னுடையது. கழுத்திலை கட்டோடை திரும்பி வந்தால் எத்தனை இடத்திலை ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கி எங்கை காயப்பட்டனீ எண்டு கேப்பாங்கள், உங்களுக்குத் தெரியும். அதையும் பாப்பம். ஆனால் இது ஏன் ஏறுது, ஏன் இறங்குது எண்டு முதல்லை சொல்லுங்கோ. பிறகு வெட்டுங்கோ."

அவருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தோடேயே பேனையை எடுத்தார். "சரி. என்ன குடிக்கிறீர், எப்பிடிக் குடிக்கிறீர், ஒண்டும் விடாமல் சொல்லும்."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சேலைத் தலைப்பை அவிழ்த்து இரண்டு பொட்டலங்களையும் மேசையில் வைத்தார். எது சூடு, எது குளிர்ச்சி, எந்த நாளைக்கு எது என்று ஒழுங்காகச் சொன்னார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்றும் சொன்னார்.

தாதி மறுபக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. டொக்டர் இரண்டு பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் சைக்கிளையும் உழக்கிக்கொண்டு பிரேக்கையும் பிடிக்கிறீங்கள்."

"பின்ன, எறக்கத்துல பிரேக் புடிக்காமயா போறது?" என்றார் அம்மா.

அவர் மலைக்காரி. இறக்கம் என்றால் என்னவென்று டொக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டொக்டர் சிரித்துவிட்டார். பழைய பொட்டலத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"புதுக் குளிசை ஒண்டு மட்டும். வெறும் வயித்திலை, வெறும் தண்ணியோடை. ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி கூடாது. சோதனை முடியட்டும், திரும்ப இரத்தம் பாப்பம். இதோடை எல்லாம் சரியாகும் எண்டு நான் சொல்லேல்லை, தம்பி. இந்த வருத்தம் தன்ரை பாட்டிலை மாறும். பிறகும் வெட்ட வேண்டி வரலாம்."

"வரட்டும். அப்ப காரணத்தோடை வரும்," என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வருத்தப்பட்டது மாட்டுக்கோ வெட்டாமல் விட்டதற்கோ அல்ல. "வெள்ளனையில தேத்தண்ணி இல்லாம மனுசன் எப்படிப்பா இருக்கிறது?" என்றார். அந்த வாரம் முழுவதும் எனக்குத் துணையாகத் தானும் குடிக்காமல் இருந்து பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

சோதனையைக் கம்பளிச் சட்டையோடு எழுதினேன். கை நடுங்கவில்லை, மெதுவாகத்தான் ஓடியது. இரண்டு கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் சித்தியடைந்தேன். அடுத்த இரத்தம் நன்றாக வந்தது. அதற்கடுத்தது சரியில்லை. குளிசையைக் கூட்டினார்கள், பாதியாக்கினார்கள், திரும்பக் கூட்டினார்கள். அந்த டொக்டர் மாற்றலாகிப் போனார். வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார். அவரிடமும் ஏன் என்று கேட்டேன். இப்போதும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சிலர் கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் நான் பழகிவிட்டேன்.

இன்று தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக இருக்கிறேன். கூரை பாதிதான் இருக்கிறது. கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கும் என் குரல் கேட்கிறது.

போன கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பா திடீரென்று கேட்டார். "அந்தக் கழுத்துக்கு மொத்தத்துல எவ்வளவுப்பா ஆச்சு?" விற்ற மாட்டைத் திரும்ப வாங்கப் போயிருக்கிறார், அது கன்று போட்டிருந்தது, வாங்கியவர் தரமாட்டேன் என்றிருக்கிறார். மாட்டுக் காசு, அம்மாவின் தோடு, அக்கா தன் சம்பளத்திலிருந்து தந்தது, எல்லாம் இரத்தத்துக்கும் பஸ்ஸுக்கும் குளிசைக்கும் போய்விட்டது. நான் வாய்விட்டுக் கூட்டிச் சொன்னேன், அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி: இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபா.