ஜூலை ஆறு

கர்ப்பகால ரத்தப் பரிசோதனைக்கான அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கை தன் கையெழுத்து கோணலாக வருமென்று பேனாவை என்னிடம் நீட்டினார். கடைசி மாதவிலக்கு என்றிருந்த கட்டத்தில் 07/06 என்று எழுதினேன். அதாவது ஜூலை ஆறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் நான். அவர்கள் வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டுப் போட்டுக் கை அப்படியே பழகிப்போயிருந்தது. பெரிய மேதாவி மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு, அத்தோடு மறந்தும் போனேன்.

நங்கைக்கு அதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இந்த முறை வந்த ரிப்போர்ட், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியுமாம். ஊசியால் அரிதாகக் கரு கலையவும் கூடுமாம். ‘அரிதாக’ என்ற சொல் எங்கள் காதில் ஏறவேயில்லை. அண்ணன் ஒருநாள் போகலாம் என்பான், மறுநாள் வேண்டாம் என்பான். பதினோரு நாள்! ஆபீசில் வந்த மெயிலையே நாலு தடவை படிப்பேன், ஒன்றும் மண்டையில் ஏறாது.

கடைசியில் ஊசிக்கென்று கோயம்புத்தூர் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா முதல் மாதங்களில் எடுத்த ஸ்கேனையும் இந்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரத்தம் எடுத்தன்னிக்கு ஸ்கேன்படி பதினாறு வாரம். லேப்ல இருபதுன்னு போட்டிருக்காங்க. தேதிய எழுதுனது யாருங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய 07/06-ஐ லேபில் நம் ஊர் வழக்கப்படி ஜூன் ஏழு என்று படித்திருக்கிறார்கள்.

“நானுங்க” என்றேன்.

“பதினாறு வாரத்துக் குழந்தைய இருபது வாரத்து அளவோட ஒப்பிட்டா எப்படிங்க ஒத்து வரும்? ஸ்கேன் கணக்க வெச்சு மறுபடி பாக்கச் சொல்றேன். அதே ரத்தம் போதும், ஊசி இப்ப வேண்டாம்.”

இரண்டு நாளில் திருத்திய ரிப்போர்ட் வந்தது. வாய்ப்பு குறைவு. இதுவும் கணிப்புதான், தீர்ப்பு அல்ல என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அண்ணன் கேவிக் கேவி அழுதான். நான் நங்கையின் காலடியில் உட்கார்ந்து, என்னாலதானுங்க எல்லாம் என்றேன். அன்று அவர் என்னை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“தேதி கெடக்குது உடு கண்ணு” என்றார். “பதினோரு நாளா வயித்து மேல நான் கையே வெக்கல. ஒரு வார்த்தை பேசல. இது போயிட்டாத்தான் நல்லதோன்னு கூட நெனச்சுட்டேன். உள்ள இருந்து கேட்டிருக்குமா?”

“இல்லீங்க நங்கை” என்றேன்.

இன்று அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு. சமையலில் இருந்தாலும், போனில் இருந்தாலும், ‘அம்மா’ என்று அவன் இரண்டாம் தடவை கூப்பிட நங்கை இதுவரை விட்டதில்லை.