தகரம் பேசும் அளவு

என் மனைவி தாமரைச்செல்வி சுற்றிய காயில் கருகாது. இதை நான் சொல்லவில்லை. ஆரப்பாளையத்தில் ஸ்பீக்கர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜுல்பிகர் பாய் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயர் அழகுபாண்டி, அவனியாபுரத்திலிருந்து பெரியார் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பெண்டாட்டி பெருமை பேசித் திரிகிற ஆள் இல்லை நான். ஆனால் அவளைப் பற்றிச் சொன்னால் நான் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம் இருக்கிறதல்லவா, அதன் நடுவே ஒரு சின்னக் குழாயில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் காயில். அது முன்னும் பின்னும் ஆடித்தான் சத்தம் வருகிறது. கருகிப்போனால் புதிதாகச் சுற்றி ஒட்ட வேண்டும். பாய் கொடுத்த கைமிஷினை எங்கள் மாடியில் தகரம் போட்ட அறையில் வைத்துத் தாமரை அதைச் சுற்றுகிறாள். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறக் கூடாது, இரண்டு சுற்றுக்கு நடுவே இடைவெளியும் விழக் கூடாது. அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் பதில் வராது. கல்யாணமான புதிதில் இதற்கே நான் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போயிருக்கிறேன். அவள் கவனிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போன ஆவணியில் வந்தது வினை. திருமங்கலத்தில் ஒலிபெருக்கி செட் வைத்திருக்கும் விருமாண்டி அண்ணன், ஒரு கருகிய ஸ்பீக்கரைப் பாயின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். சுற்றிய காயில்களைக் கொடுக்க நானும் தாமரையும் போயிருந்தோம்.

"ரெண்டு மாசத்துல இது மூணாவது பாய். கல்யாண வீட்டுல பாதியில பாக்ஸு ஊமையாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரய்ங்க என்னயப் பாக்குறாய்ங்க. காயிலு சரியில்ல, அம்புட்டுதான்."

அவர் போனபின் பாய் தாமரையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்கச்சி, உன் கைவேலை எனக்குத் தெரியும். ஆனா அவரு எனக்குப் பெரிய கஸ்டமர். இன்னொரு தடவை கருகுச்சுன்னா நான் ரெடிமேட் காயிலுக்கு மாறணும். மிஷினையும் திருப்பி வாங்கிக்கிற மாதிரி ஆயிரும்."

தாமரை காலிப் பையை மடித்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, விருமாண்டி அண்ணன் என்ன பாட்டுப் போடுகிறார் என்பதுதான். மறுநாள் நானே விருமாண்டி அண்ணனிடம் பென் டிரைவை வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்தோம். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகிறது, சட்டென்று நிற்கிறது, அப்புறம் வயிற்றுக்குள் கிரைண்டரைப் போட்டுப் போட்டு நிறுத்துவது போல 'வ்வாவ் வ்வாவ்' என்று ஒரு சத்தம். என் ஆட்டோவில் வரும் காலேஜ் பிள்ளைகளிடம் கேட்டேன். டப்ஸ்டெப், வெளிநாட்டு ஆட்டப் பாட்டில் ஒரு வகை என்றார்கள்.

தாமரை அதை மூன்று முறை கேட்டாள். "உள்ள என்ன போடுறாங்கன்னு தெரியாம என் காயிலு கெட்டதுன்னு எப்படி ஒத்துக்கிறது? நானே ஒண்ணு செஞ்சு பாக்குறேன்."

"சரிதான். அடுத்த மாசம் வெளிநாட்டுல இருந்து கூப்புடுவாய்ங்க, பாஸ்போர்ட் எடுத்து வையி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் தங்கச்சி கனகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப் சும்மா கிடந்தது, அதை வாங்கி வந்தாள். பேட்டரி செத்திருந்தது, வயரை உருவினால் உயிர் போய்விடும். அதில் ஓசியில் கிடைத்த ஒரு சாப்ட்வேரை ஏற்றினாள். யூடியூபில் யார் யாரோ இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சு புரியாததால் அதைக் காதில் வாங்காமல், அம்புக்குறி எங்கே போகிறது, எதை அழுத்துகிறது என்று மட்டும் பார்த்துப் பார்த்து நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது தட்டு. ஆனால் ஸ்னேர் என்கிற அந்த 'டப்' நாலு தட்டுக்கு ஒரு தடவை, மூன்றாவதில் மட்டும் விழும். அதனால் வேகமாக ஓடுகிற பாட்டு ஆற அமர நடப்பது போலக் கேட்கும். இது பிடிபட அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதலில் செய்தது சகிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். என் ஆட்டோவில் போட்டேன், பூ விற்கப் போகிற அக்கா ஒருத்தி, "வண்டியில ஏதோ லொடலொடங்குது, பாருப்பா" என்றாள். தாமரை இண்டு இடுக்கு விடாமல் எல்லா இடத்தையும் சத்தத்தால் நிரப்பி வைத்திருந்தாள். காயில் சுற்றிய கை அல்லவா, இடைவெளியைக் கண்டால் அடைக்கத்தான் தோன்றும். காலி இடம் விட்டால்தான் பேஸ் என்கிற அடிச்சத்தம் விழும்போது அது விழுந்ததாகத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் பழையதில் பாதியை அழித்தாள். அடுத்ததை ஆட்டோவில் போட்டபோது பாட்டு நடுவில் நின்றது. செட் மண்டையைப் போட்டுவிட்டது என்று நான் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சரியாக அந்த நேரம் பேஸ் இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் நான் தட்டித்தான் வந்தது என்று நினைத்தார்கள்.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த 'வ்வாவ்' எப்படி வருகிறது என்பதையும் கற்றுக்கொண்டாள். ஒரு திருகு சத்தத்தின் வாயைத் திறந்து மூடும், இன்னொரு திருகு எவ்வளவு வேகமாகத் திறந்து மூட வேண்டும் என்று சொல்லும். ஆனால் அதற்கும் அடியில் ஒரு பேஸ் ஓடுகிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. அதற்காகத் தான் சுற்றிய காயில் போட்ட பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரோடு மாடி அறையில் வைத்தாள். அந்த அடி பேஸ் காதில் விழுவதில்லை, விலாவில் விழுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விலாவும் மரத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் திருகில் எண்ணெல்லாம் அழிந்துபோயிருந்தது, அப்புறம் அளவு எப்படித் தெரியும்?

தகரம் சொல்லும். கூரைத் தகரத்தில் நாலு போல்ட் தளர்ந்திருந்தது. பேஸ் ஓர் அளவுக்கு வந்ததும் 'நங்' என்று அது அதிரும். தாமரை அங்கே திருகிலிருந்து கையை எடுத்துவிடுவாள். "தகரம் பேசிருச்சுங்க, போதும்" என்பாள். எனக்கு இந்த விவரமெல்லாம் தலையில் ஏறவில்லை. வெயிலில் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு மத்தியானம் வந்து படுத்தால் தலைக்கு மேல் நங் நங் என்கிறது. இரண்டு வாரம் பொறுத்தேன். கார்த்திகையில் அவள் திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, ஏணியைப் போட்டு ஏறி நாலு போல்ட்டுக்கும் புது ரப்பர் வாசர் வைத்து ஸ்பேனரால் இறுக்கிவிட்டேன். கேட்டால் மழை ஒழுகியது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சவாரி முடித்து வந்தேன். படியேறும்போதே கருகல் வாடை. தாமரை தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காயிலை வெளியே எடுத்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது. விருமாண்டி அண்ணன் கொண்டுவந்ததும் அதேபோலத்தான் இருந்தது.

"நான் அதிகமா வைக்கலங்க" என்றாள். "எப்பவும் வைக்கிற அளவுகூட இன்னும் வரல. தகரம் பேசவே இல்ல. அதுக்குள்ள கருகிருச்சு."

எனக்கு நிமிர்ந்து கூரையைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

"அந்த அண்ணன் சொன்னது சரிதான். கோளாறு என் கையிலதான் இருக்கு. நாளைக்கு என்னயக் கடையில எறக்கி விடுங்க, மிஷினைக் குடுத்துட்டு வந்துர்றேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னவென்று சொல்வது, உன் சத்தம் பிடிக்காமல் போல்ட்டை இறுக்கினேன் என்றா? சொல்லலாம், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, மறுநாள் மிஷின் என் ஆட்டோவின் பின் சீட்டில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. அதைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அவனியாபுரத்திலிருந்து ஆரப்பாளையம் வரை கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். கோழைப் பயல் நான், வேறென்ன சொல்ல.

கடையில் விருமாண்டி அண்ணனும் இருந்தார். தாமரை மிஷினை மேஜையில் வைத்து, கருகிய காயிலையும் பக்கத்தில் வைத்தாள். "பாய், நான் சுத்துனது எங்கிட்டயே கருகிருச்சு. தப்பு என்னோடதுதான்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல பாய்" என்றார் விருமாண்டி அண்ணன்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பேனோ என்னவோ. "அண்ணே, சும்மா இருங்க" என்றேன். "கூரை ஒழுகுச்சுன்னு நாந்தான் போல்ட்டை முடுக்கினேன்." யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தாமரைக்கு மட்டும் புரிந்தது, என் பக்கம் திரும்பினாள். "ஒழுகல" என்றேன். "உன் சத்தம் பொறுக்காமத்தான் முடுக்கினேன். தகரம் எப்படிப் பேசும்? நீ அது பேசட்டும், பேசட்டும்னு ஏத்திக்கிட்டே போயிருக்க. உன் காயிலு மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை விட்டுவிட்டு விருமாண்டி அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, மூணு தடவை கருகுச்சுன்னு சொன்னீங்களே, மூணும் எங்க வச்சு?"

"நாலுவழிச்சாலைப் பக்கம் புதுசா மண்டபம் கட்டியிருக்காய்ங்கல்ல, அது முன்னாடி பொட்டல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியெல்லாம் ஊருக்குள்ள, தெருவுலதாம்மா."

"தெருவுல ரெண்டு பக்கமும் செவரு. பேஸு போயி முட்டித் திரும்பி வரும், உங்களுக்கு அளவு தெரியும். பொட்டல்ல எதுல முட்டும்? கேக்கலயேன்னு ஏத்தியிருப்பீங்க."

விருமாண்டி அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே, "ஏத்துனேன்" என்றார்.

பாய் விடவில்லை. இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். விருமாண்டி அண்ணன் விட்டுப்போன கருகிய ஸ்பீக்கருக்குத் தாமரை அங்கேயே உட்கார்ந்து புதுக் காயில் ஒன்றைச் சுற்றி ஒட்டினாள். பசை காய்ந்ததும் கடைச் சந்தில் சுவர்களுக்கு நடுவே விருமாண்டி அண்ணனின் பாக்ஸை வைத்து, என் ஆட்டோவிலிருந்த பென் டிரைவில் அவள் செய்த டப்ஸ்டெப்பைப் போட்டார்கள். எதிர்க்கடை ஷட்டர் அதிரத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னாள். கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து, ஆம்ப்ளிஃபயரில் திருகு நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினாள். சாயங்காலம் எல்லாரும் திருமங்கலத்தில் அந்த மண்டபத்துப் பொட்டலுக்குப் போனோம். அதே பாட்டு, அதே பொட்டு.

"கேக்கவே இல்லயேம்மா" என்று விருமாண்டி அண்ணன் திருகில் கை வைத்தார்.

"கையை எடுங்கண்ணே. இந்த ஸ்பீக்கருக்கு இம்புட்டுதான் தெம்பு. வேணும்னா இன்னொரு பாக்ஸு வைங்க."

ஒரு மணி நேரம் ஓடியது. நான் அதுவரை அதை முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த நிறுத்தம் வரும்போது இந்தத் தடவை நான் எதையும் தட்டவில்லை, காத்திருந்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் பாய் காந்தத்தில் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். விருமாண்டி அண்ணனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் தொட்டுவிட்டு, "கருகிக் கெடக்குற மத்த ரெண்டையும் நாளைக்குக் கொண்டாந்து தாரேன், நீயே சுத்திரும்மா" என்றார். கடைக்குத் திரும்பியதும் பாய் மிஷினையும், வீட்டில் கருகியதற்குப் பதிலாக வேறொரு ஸ்பீக்கரையும் தன் கையாலேயே தூக்கி என் ஆட்டோவில் வைத்தார்.

வீடு வந்ததும் தாமரை நேரே சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். மிஷினையும் ஸ்பீக்கரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அதனதன் இடத்தில் வைத்தேன். சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"நாலு போல்ட்டையும் லூஸ் பண்ணிட்டுச் சாப்புட வாங்க."

ஏணியைப் போட்டு ஏறினேன். ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். நாலாவது முடிந்ததும் அவள் மாடிக்கு வந்து, பாய் கொடுத்த ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டைப் போட்டு, திருகை மெதுவாகத் திருப்பினாள். என் கைக்கடியில் தகரம் 'நங்' என்றது. "பேசிருச்சு" என்று மேலிருந்து சொன்னேன். அவள் கையை எடுத்தாள்.