முத்தம்மாளின் பால்

இன்று தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். நானும், எங்கள் வயலில் வேலை செய்யும் முத்தம்மாளின் மகன் சுடலையும் போனோம். இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள்.

என்னை எடுத்துக்கொண்டார்கள். சுடலையை எடை போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டே அம்மா, "பிள்ளைய இப்படியா நோஞ்சானா வளப்பே?" என்று வாசலில் நின்ற முத்தம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பொறக்கும்போது எம் பிள்ளைதான் கனமா இருந்தான், தாயி. இந்தா உக்காந்திருக்க சின்னையாதான் எலிக்குஞ்சாட்டம் இருந்தாவ. நீங்க சொல்லித்தான் எம் பாலை அவுகளுக்குக் குடுத்தேன். இவனுக்கு வெறும் கஞ்சித்தண்ணி."

"அதுக்குத்தான் ஒனக்கு ஒரு வருசம் சோறு போட்டேம்லா" என்றாள் அம்மா.

என் வாயில் சோறு இருந்தது. அதையே சாக்காக வைத்து நான் பேசவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?