ஆள் போகாத படிப்பு

பழவேற்காடு கடைத்தெருவில் என் கடை. வலை நூல், ஈயக் குண்டு, மண்ணெண்ணெய், பீடி, தீப்பெட்டி. காஜா மைதீன் கடை என்றால் ஏரியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பத்துக்கும் தெரியும். எதையும் சுலபத்தில் நம்பாத ஆள் என்றும் தெரியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பசியாவரம் ஏரிக்குள் இருக்கிற தீவு. தபால்காரர் அங்கே படகேறிப் போகமாட்டார். அந்த ஊர்த் தபாலெல்லாம் என் கடையில் இறங்கும். மீன் போட வருகிறவர்கள் எடுத்துப் போவார்கள். அப்படித்தான் 1982-இல் பசியாவரத்துப் பையன் எல்லப்பன் பேருக்குத் தடித்த பழுப்பு உறைகள் வரத் தொடங்கின.

அதற்கு முன்னால் அவனை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சேற்றில் வலை இழுத்து உரமேறிய கால் அவனுக்கு. கபடியில் அந்தக் காலைப் பிடித்தவனுக்குத்தான் கை வலிக்கும். பொன்னேரியில் பள்ளிக்கூடம் படித்தபோதே பேர் வாங்கி, மாவட்ட அணிக்குப் போய், மாநில அணியின் பயிற்சி முகாமுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில் அவன் பெயர் வந்ததை நான்தான் கடையில் படித்துக் காட்டினேன். பசியாவரத்துக்காரர்கள் நின்று கேட்டுவிட்டு, "நம்ப பையன்" என்று சொல்லி ஆளுக்கொரு கட்டு பீடி வாங்கிப் போனார்கள்.

முகாமில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக ஆடினால் மெட்ராஸில் ஏதாவது ஓர் ஆபீஸ் அணியில் எடுத்துக்கொள்வார்கள். பட்டம் இருந்தால் மேசை வேலை, இல்லாவிட்டால் மூட்டை தூக்குகிற வேலை. கால் உடைந்தால் மூட்டை தூக்க முடியாது. ஆனால் கல்லூரியில் சேர்ந்தால் தினமும் போயாக வேண்டும். முகாமும் போய்விடும், பாடும் போய்விடும். அதனால் அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தான்.

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் கிடைக்கிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவை யாருக்கும் சொந்தமில்லை. ஊரிலுள்ள தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, முறை வைத்துச் சுற்றி வரும்; அந்த முறைதான் பாடு. வருஷா வருஷம் ஊர் கூடிச் சீட்டு எடுத்து முறையை முடிவு செய்வார்கள். சீட்டையும் ஆள் வந்து எடுக்க வேண்டும், முறை நாளில் படகிலும் ஆள் வந்து நிற்க வேண்டும். தம்பியை அனுப்புகிறேன், மச்சானை அனுப்புகிறேன் என்ற பேச்சே கிடையாது. ஆள் இல்லையென்றால் பாடு இல்லை. பாடு இல்லாத வீடு ஊர்க் கணக்கிலேயே இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வெற்றிலை பாக்கு வராது. எல்லப்பனின் அப்பா இறந்ததும் அந்த உரிமை அவனுக்கு வந்தது. அவனும் அம்மா கோவிந்தம்மாவும் மட்டும்தான் அந்த வீடு.

முதலில் சந்தேகப்பட்டவள் கோவிந்தம்மாதான். ஓர் உறையை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"மோந்து பாத்துட்டேன் பாய். பவுடர் வாசன ஒன்னும் வரல. உள்ள பொம்பள பேரு எங்கியாவது இருக்குதா பாரு."

புரட்டிப் பார்த்தேன். பெண் பெயர் எதுவும் இல்லை. தேவை, அளிப்பு, விலை என்று ஏதேதோ இருந்தது. பி.ஏ. படிப்புக்கு இவ்வளவு மெல்லிய காகிதமா என்று எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது.

அடுத்துப் படகுக்காரர்கள் ஆரம்பித்தார்கள். கபடி பாடிக்கொண்டு போகிறவன் மூச்சை விடாமல் பாட வேண்டும் அல்லவா? எல்லப்பன் மணல் திட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது கபடி கபடி என்பதற்குப் பதிலாகப் பாடத்தைப் பாடிக்கொண்டு ஓடினான். "குறைந்து செல் பயன்பாட்டு விதி, குறைந்து செல் பயன்பாட்டு விதி" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு திட்டின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவான். இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது என்பது அவன் கணக்கு. தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது மந்திரமாகக் கேட்டது. அந்த வாரம் இறால் குறைந்துபோனதும் தோதாகிவிட்டது.

அந்தக் கோடையிலேயே அரசாங்க ஆட்கள் சிலர் வந்து, கொடி நட்டு ஏரியை அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பாடு இடங்களை ஏலம் விடப் போகிறார்கள் என்று ஊருக்கு ஊர் பேச்சாயிற்று. நல்ல இடம் எது என்று அவர்களுக்கு யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள்?

பொன்னுரங்கம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். பசியாவரத்தில் என்னைவிடச் சந்தேகப் பிராணி அவன் ஒருவன்தான்.

"கவரு வர்றது மட்டும் இல்ல பாய். இவன் எழுதி அனுப்பவும் அனுப்பறான். யாருக்கு எழுதறான்?"

"விடைத்தாள்னு சொல்றான்பா."

"கேள்வி கேக்கறவன் மூஞ்சிய இவன் பாத்துகீறானா? இல்ல. அப்புறம் இன்னா விடை?"

ஊர் கூடியது. உறைகள் வருகிற கடைக்காரன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். ஊர்த் தலைவர் தசரதன் நேர்மையான மனிதர். பாடு முறையில் சொந்த மைத்துனனுக்குக்கூட விட்டுக்கொடுக்காதவர். அதனாலேயே அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

"எந்தக் காலேஜி?" என்றார்.

"காலேஜு இல்ல பெரிப்பா. தபால்ல பாடம் வரும்," என்றான் எல்லப்பன்.

"வாத்தியாரு யாரு?"

"நான் பாத்ததில்ல."

"கூடப் படிக்கறவன்?"

"தெரியாது."

"அப்ப நீ படிக்கறன்னு யாருக்குதான் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. தசரதன் சிரிக்கவில்லை. "முகாமுக்குப் போறேன்ற. படிக்கறேன்ற. பாடு நாள்ல இங்கயும் கரெக்டா வந்து நிக்கற. ஒரு ஆளு மூணு எடத்துல எப்பிடி இருப்பான்? எதனா ஒன்னு பொய்யி."

பாடு நாளில் அவன் ஒரு முறைகூடத் தவறியதில்லை என்பதே அவனுக்கு எதிராகத் திரும்பியது. முகாமில் ஆடிய களைப்போடு ரயிலில் பொன்னேரி வந்து, பஸ் பிடித்து, படகேறி வந்து நிற்பான். ஒழுங்காகச் செய்கிறவன்மேல் ஊருக்கு வருகிற சந்தேகம் சோம்பேறிமேல் வருவதே இல்லை.

பரீட்சைக்கு ஆள் நேரில் போக வேண்டும் என்று அவன் சொன்னதும், கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரும்படி பொன்னுரங்கத்தையும் என்னையும் அனுப்பினார்கள்.

மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. நாங்கள் இருவரும் வாசலுக்கு எதிரே மர நிழலில் நின்றோம். பரீட்சைக்கு வந்தவர்களைப் பார்த்துப் பொன்னுரங்கத்தின் முகம் மாறியது. தலை பாதி வழுக்கையான ஒருவர். காக்கி கால்சட்டையோடு ஒரு போலீஸ்காரர். தோளில் பை மாட்டிய தடம் சட்டையில் தெரிய ஒரு பஸ் கண்டக்டர். கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிற ஒரு பெண்.

"பாய், இதுல ஸ்டூடண்டு எவன்?"

"எல்லாருந்தான்."

"என்ன இன்னா கேனயன்னு நெனச்சுகினியா? இவங்க யாருனா காலேஜு படிக்கற மாதிரியா கீறாங்கோ? எதோ சங்கத்துக் கூட்டம் நடக்குது. போலீசு வேற வருது."

நான் மட்டும் வாசலைத் தாண்டிப் போய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லப்பன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

மதியம் வெளியே வந்தவன் இரண்டு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு நேராக மைதானத்துக்கு ஓடினான். தேசியப் போட்டிக்குப் போகும் அணிக்கு அன்று சாயங்காலம்தான் தேர்வு ஆட்டம். நாங்களும் பின்னாலேயே போனோம். விரலில் மசி காயாமல் அவன் களத்தில் இறங்கினான். எதிர்ப்பக்கம் நால்வர் அவனைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். சேற்றிலிருந்து காலை உருவுகிற மாதிரி ஒவ்வொரு பிடியாக உருவிக்கொண்டு கோட்டைத் தொட்டான். பொன்னுரங்கம் பற்ற வைத்த பீடியை இழுக்கவே மறந்து நின்றான்.

திரும்பும்போது ரயில் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் தாண்டியதும் பொன்னுரங்கம் சொன்னான்: "ஆட்டத்தக் கண்ணால பாத்தேன். அது நெஜம். படிப்ப நான் பாக்கல."

கூட்டத்திலும் அதையே சொன்னான். என்னைக் கேட்டார்கள். "எழுதுனாங்க. இன்னா எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றேன். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

தசரதன் தீர்ப்புச் சொன்னார். "படிச்சா பட்டம்னு ஒன்னு குடுப்பாங்களாமே. அத வாங்கினு வந்து காட்டு. அதுவரைக்கும் சீட்டுல உன் பேரு கெடையாது."

அந்த வருஷமே பக்கத்து வீட்டில் கல்யாணம். கோவிந்தம்மாவுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே அவள் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தாளாம். கேட்டபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. சந்தேகப்படுவது எனக்கும் பழக்கம்தான். ஆனால் சந்தேகத்தை வைத்து யாரையும் நான் பட்டினி போட்டதில்லை. எல்லப்பன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். உறைகள் வருவது நிற்கவில்லை.

எண்பத்தைந்தில் தேறிவிட்டான். அடுத்த வருஷம் பட்டமளிப்பு விழா. அதே வாரம் வடக்கே தேசியப் போட்டி; அணியில் அவன் பெயரும் இருந்தது.

"கறுப்புக் கோட்டு போட்டு ஒரு போட்டோ புடிச்சினு வந்துடு நைனா. அத பாத்தா ஊரு நம்பும்," என்று கோவிந்தம்மா என் கடை வாசலில் நின்று மகனைக் கெஞ்சினாள்.

"பட்டம் தபால்ல வரும்மா. ஆட்டம் தபால்ல வராது," என்று சொல்லிவிட்டு அவன் ரயிலேறினான். அரையிறுதியில் அணி தோற்றது. ஆனால் அவன் ஆட்டத்தைப் பார்த்த ஓர் ஆபீஸ் அவனை எடுத்துக்கொண்டது, பட்டம் இருந்ததால் மேசை வேலைக்கே.

பட்டம் ஒரு நீளக் குழாயில் சுருட்டி என் கடைக்கு வந்து சேர்ந்தது. அதைக் கூட்டத்தில் விரித்துக் காட்டினான். தசரதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாரு கையால வாங்குன?"

"தபால்ல வந்தது பெரிப்பா."

"நீ போவல?"

"ஆட்டத்துக்குப் போயிட்டேன்."

"பாடமும் தபால்ல, பட்டமும் தபால்ல. ஆளு போவாம வாங்குனது இந்த ஊர்ல செல்லாது."

எல்லப்பன் அதைச் சுருட்டிக் குழாயில் போட்டான். அம்மாவை மெட்ராஸுக்குக் கூப்பிட்டான். அவள் மறுத்துவிட்டாள். "சீட்டுல பேரு வரட்டும், அப்புறம் வரேன். இப்ப வந்தா தொரத்திட்டாங்கன்னு ஆயிடும்."

ஒரு வருஷம் கழித்து, எல்லப்பன் அம்மாவைப் பார்க்க வந்து என் கடையில் படகுக்குக் காத்திருந்த ஒரு நாள், தசரதன் வந்தார். வலை நூலைக் கையில் எடுத்தார், வைத்தார். அவருடைய மகள் கன்னியம்மா பன்னிரண்டாவது தேறிவிட்டு வீட்டில் இருந்தாள். தினமும் படகும் பஸ்ஸும் ஏறிக் காலேஜுக்குப் போக அவர் விடவில்லை. அந்தப் பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

"எல்லப்பா, அந்தத் தபால் படிப்பு," என்று நிறுத்தினார். "பொண்ணுங்களுக்கும் உண்டா?"

"உண்டு."

"ஆளு போவத் தேவையில்ல?"

"பரீட்சைக்குப் போவணும். மத்தபடி வூட்லயே படிக்கலாம்." எல்லப்பன் எழுந்து நின்றான். "வூட்ல இருந்து படிச்சா அது படிப்புதானா பெரிப்பா?"

தசரதன் தரையைப் பார்த்தார். என் தராசு முள்ளைப் பார்த்தார். "படிப்புதான்," என்றார்.

"இங்க சொல்லாத. கூட்டத்துல சொல்லு."

அந்த வருஷச் சீட்டுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எல்லப்பனுக்கு அன்று வெளியூரில் ஆட்டம், வரவில்லை. பேர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடிந்ததும் தசரதன், "எல்லப்பன் தலைக்கட்டு," என்றார்.

"ஆளு இல்லியே," என்றான் பொன்னுரங்கம்.

"படிச்சது நெஜம். நான் சொன்னதுதான் தப்பு," என்றார் தசரதன். "ஆளு முறை நாள்ல படகுல வந்து நிப்பான், இதுவரைக்கும் தவறுனதில்ல. சீட்ட நீ எடு கோவிந்தம்மா."

பொம்பளை சீட்டு எடுத்து அந்த ஊர் பார்த்ததில்லை. ஓரத்தில் நின்றிருந்த கோவிந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பானைக்குள் கையை விட்டாள். சீட்டை எடுத்தவள் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்து அழுதாள்.

மறுநாளே பொன்னுரங்கம் என் பெஞ்சில். "தலைவருக்கு எல்லப்பன் இன்னா குடுத்துகீறான் பாய்?"

"ஒன்னும் குடுக்கலப்பா."

அவன் நம்பவில்லை. சில மாதம் கழித்து அவன் அங்கே உட்கார்ந்திருந்தபோதே தசரதன் கடைக்கு வந்தார். கன்னியம்மா பேருக்கு வந்திருந்த பழுப்பு உறையை எடுத்து நீட்டினேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதை வாங்கித் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வேகமாகப் படகுத்துறைக்கு நடந்தார்.

பொன்னுரங்கம் என் பக்கம் சாய்ந்தான். "பாத்தியா பாய், இவரும் யாருக்கோ எழுதறாரு."