தெருவுக்கு முதுகு காட்டி

பாரிஸ் காப்பிக் கடைகளில் வெளியே போட்டிருக்கும் நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்தே இருக்கும். வந்து உட்காருகிறவர்களுக்குப் போகிறவர் வருகிறவர்தான் வேடிக்கை. பரிமாறுகிறவன் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்; அதாவது, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இளவயதிலிருந்தே இந்த வேலை பார்த்த ஆர்மெலுக்கு வெகுகாலம் இது ஒரு விஷயமாகவே படவில்லை.

நாட்டின் மேற்கே இருக்கும் பிரெத்தாஞ் கடற்கரையிலிருந்து, மீன்வாடை இனி வேண்டவே வேண்டாம் என்று கிளம்பி வந்தவன் அவன். வந்த வாரமே தட்டு நிறையக் கண்ணாடி கிளாஸ்களைக் கீழே போட்டான். கடையே கைதட்டியது. அது அந்த ஊர் வழக்கம்: பரிமாறுகிறவன் எதையாவது உடைத்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட "பிராவோ" சொல்லிக் கைதட்டுவார்கள். காது சிவந்து நின்றவனிடம் முதலாளி, "இப்பதான்டா நீ வேலையில சேந்திருக்க" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று.

பிறகு அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை வந்தது. கடைகளுக்கு வெளியே உட்கார்ந்து குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுத் தள்ளிய இரவு. ஆர்மெல் வேலை பார்த்த கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுட்டது இரண்டு தெரு தள்ளி. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வாடிக்கையாளர்களோடு தானும் தரையில் படுத்துக் கிடந்தான், அவ்வளவுதான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனுடையவர்கள் யாரும் சாகவில்லை. அதனால் பயப்படத் தனக்கு உரிமை கிடையாது என்று முடிவு செய்துகொண்டான். பயம் உரிமையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஊரோ வேறு முடிவு எடுத்திருந்தது. எங்களை வீட்டுக்குள் முடக்க முடியாது, வெளியேதான் உட்காருவோம் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். குளிரில் ஒரு கிளாஸ் வைன் குடிப்பதே வீரம் என்று ஆகிவிட்டது. குடித்தவர்கள் வீரர்கள், சரி. அதைக் கொண்டுபோய் வைத்தவன் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று யாரும் யோசிக்கவில்லை. முதுகில் ஆயிரம் கண் முளைத்ததுபோல ஆர்மெல் ஒவ்வொரு கிளாஸையும் வைத்தான். ஒரு வருஷம்கூடத் தாங்க முடியாமல் வேறு கடை பார்த்துக்கொண்டான்.

புதுக் கடையின் முதலாளியம்மா மார்செலின். கூட வேலை பார்த்தவள் நவெல். அல்ஜீரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், இங்கேயே பிறந்தவள், வாய்த்துடுக்கு அதிகம். வெளி மேஜைகளில்தான் டிப்ஸ் நன்றாக விழும் என்பதால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆர்மெல் முதல் நாளே, "வெளிய நீயே பாத்துக்க, உனக்குப் பிள்ளைங்க இருக்கு" என்று விட்டுக்கொடுத்தான். தங்கமான மனுஷன் என்று நவெல் தெருவெல்லாம் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவன் கூசிப்போவான். ஆனாலும் மறுத்துச் சொல்ல வாய் வராது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அந்தக் கடையில் விவாதம் நடக்கும். நடத்துகிறவர் முசியே பிரிஸாக், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். தலைப்பு அன்பாக இருந்தாலும் சரி, அழகாக இருந்தாலும் சரி, பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும்: அன்று சுட்டார்களே, அவர்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? நம் விமானங்கள் அவர்கள் இயக்கத்தின் மேல் போட்ட குண்டுக்குப் பதில் இது, அவர்களே அப்படித்தானே அறிவித்தார்கள் என்பான் சிப்ரியன் என்ற இளம் வக்கீல். அப்படியானால் ராணுவ முகாமைத் தாக்கவேண்டியதுதானே, நம் பாட்டும் வைனும் பெண்கள் சத்தமாகச் சிரிப்பதும்தான் அவர்கள் கண்ணை உறுத்துகிறது என்பார் மருந்துக்கடைக்கார அம்மா. பிரிஸாக் இரண்டையும் தள்ளிவிடுவார். நம் தெருவில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனை நாம் சந்தேகப்பட வேண்டும், நமக்குள் நாமே அடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இத்தனையும் என்பார். இத்தனை வருஷம் பேசியும் ஒருவராவது மனதை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. காப்பிதான் தீர்ந்தது.

சில சமயம் யாராவது நவெலைக் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று மிகுந்த மரியாதையோடு கேட்பார்கள். "எனக்கு என்ன தெரியும்? அவங்க என்ன எனக்கு லெட்டர் போட்டுட்டா வந்தாங்க?" என்று காலிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் தம்பியின் பையை ரயில் நிலையத்தில் போலீஸ் திறக்கச் சொல்லாத நாள் கிடையாது.

மூலையில் மதாம் வியோலெத் உட்கார்ந்திருப்பார். அவருடைய ஒரே மகள் அந்த இரவில் செத்துப்போனவள். மாதம் தவறாமல் வருவார், வாயைத் திறக்க மாட்டார். அவர் இருப்பதாலோ என்னவோ, பிரிஸாக் ஒவ்வொரு தடவையும் மேஜையைத் தட்டி ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: "நாம பயந்தா அவங்க ஜெயிச்சுட்டாங்கன்னு அர்த்தம்." அந்த இடம் வரும்போது ஆர்மெல் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பான். ஊரே எதிர்த்து நிற்கும்போது அவர்களை ஜெயிக்க விட்டவன் தான் ஒருவன்தான் என்று நினைத்து நினைத்து அலுத்துப்போயிருந்தான்.

அந்த இரவுக்கு அப்புறம் வந்த பத்தாவது நவம்பரில் பிரிஸாக்குக்கு ஒரு யோசனை வந்தது: இந்த மாத விவாதம் வெளியே, தெருவில். குளிருமே என்று ஆர்மெல் மெல்லச் சொல்லிப் பார்த்தான். போர்வை கொடுத்தால் போச்சு என்றார் மார்செலின். நவெல் இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஞாயிறு காலையில் நவெல் போன் செய்தாள்; சின்னவனுக்குக் காய்ச்சல், வர முடியாது.

மார்செலினிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படிப் பக்கம் போனான். இத்தனை காலம் கழித்து என்னவென்று சொல்வது? தங்கமான மனுஷன் என்ற பெயர் போகும், நவெலின் நம்பிக்கை போகும், வேலையும் போகலாம். அத்தனையும்கூடப் போகட்டும். வியோலெத்தின் முன்னால் நின்று எனக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கோட்டும் போர்வையுமாக எல்லாரும் தெருவைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மெல் முதுகைத் திருப்பாமல் சுவரோரமாகவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கோப்பைகளை வைத்தான்.

"என்ன ஆர்மெல், கடற்கரைக்காரன்னு காட்டுறியா? நண்டு மாதிரி நடக்குற?" என்று பிரிஸாக் சீண்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. இரண்டாவது தட்டை நிறையத் தண்ணீர் கிளாஸ்களோடு கொண்டுவந்து, வேலை தெரிந்தவன் நிற்கிற இடத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் தொட்டது.

தட்டு போயிற்று. அத்தனை கிளாஸும் கல்தரையில் விழுந்து சிதறின. ஆர்மெல் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறைந்துபோனான். கண்ணைத் திறந்தபோது எதிரே ஒருவரும் இல்லை. நாற்காலிகள் சாய்ந்து கிடந்தன. போர்வைகளும் கோட்டுகளும் மேஜைகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தன. வக்கீல் தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்ட கிழவி கையில் ரொட்டிப் பையோடு, "மன்னிச்சுக்கப்பா, மெத்ரோ ரயிலுக்கு எந்தப் பக்கம்னு கேக்கத்தான்..." என்று இழுத்தாள். ஆர்மெல் கையை நீட்டிக் காட்டினான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டுமே. கடைசியில் மூலை மேஜைக்கு அடியிலிருந்து வியோலெத்தின் குரல் வந்தது. "நானுமா ஒளிஞ்சேன்? எனக்கு இனிமே என்ன பயம்னு நெனச்சிட்டிருந்தேனே." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்தபடியே அவர் கைதட்ட ஆரம்பித்தார். "பிராவோ, ஆர்மெல்."

அந்த வட்டாரத்தில் உடைந்த கண்ணாடிக்குக் கைதட்டல் கேட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இன்னொருவர் தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், மேஜைக்கு அடியிலிருந்தே.

பிரிஸாக்குக்கு முழங்கால் மடங்கி எழ முடியவில்லை. ஆர்மெல் குனிந்து கைகொடுத்துத் தூக்கினான். தூக்கும்போதே சொல்லிவிட்டான்: "எனக்கு வெளிய நிக்கப் பயம், முசியே. அன்னிலேருந்தே. நவெலுக்கு விட்டுக்கொடுத்ததெல்லாம் அதனாலதான்."

வாத்தியார் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "உள்ள போலாம்" என்றார்.

சிப்ரியன் இன்னும் வெளுத்த முகத்தோடு, "உள்ள போனா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டான்.

"ஜெயிச்சிட்டுப் போறாங்க. எனக்குக் குளிருது."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஆர்மெல் துடைப்பத்தை எடுத்துவந்து, தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தான். பிரிஸாக் மட்டும் உள்ளே போகவில்லை. அவன் கூட்டி முடிக்கிறவரை அவனுக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.