கிடாய்க்கு உத்தரவு கொடுத்தது யார்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் சோடை போகவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் நான் சொல்கிறேன், மூத்தவன் மகள் எழுதுகிறாள்.

இது அவள் கதையில் தொடங்கியது. கல்லூரி மலருக்கு எழுதியிருந்தாள். விண்கல்லில் வந்த புழு கண்மாய்த் தண்ணீரில் கலந்து, குடித்தவர்கள் மண்டைக்குள் ஏறிவிடுகிறது. அது இழுத்த பக்கம் ஊரே நடக்கிறது. நடக்கிறவர்கள் உள்ளுக்குள் கதறுகிறார்கள்.

"கதறல்லாம் மாட்டாவ, ஏட்டி" என்றேன்.

"வேற கிரகத்துப் புழுவ நீங்க எங்க பாத்தீய ஆச்சி?"

"கிரகம் தெரியாது. புழு தெரியும்."

முந்தின வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து தீப்பிடித்து என் கடைசி மகனுக்குக் கை வெந்துபோனது. கை தேறினால் கிடாய் வெட்டுவதாகக் குலசாமிக்கு நேர்ந்தேன். தேறிவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், நேர்ந்துவிட்ட கிடாய் தலையைச் சாய்த்துக்கொண்டு இடது பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தது.

"சாமி இப்பவே எறங்கிட்டு, மதினி" என்றார் கொழுந்தனார்.

நான் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். அது மண்டைப் புழு என்று பார்த்ததுமே தெரியும். பழுதுள்ள ஆட்டைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் கயத்தாறு வரைக்கும் சொந்தங்களுக்குச் சொல்லியாயிற்று. நான் வளர்த்த கிடாய் சொத்தை என்று நாலு பேர் பேசக் கேட்க எனக்கு மனமில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிடாய் உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. அதுவரை அரிவாளை ஓங்க மாட்டார்கள். எங்கள் கிடாய் தண்ணீர் படுமுன்னே சிலுப்பியது. குலவை போட்டார்கள். நானும் போட்டேன்.

தலையை நான்தான் பிளந்தேன். மூளைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நீர்ப்பை, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி, அதுதான் புழு. நாய் தின்றால் அடுத்த ஆட்டுக்குப் போகும். ஆமணக்கு இலையில் பொதிந்து ஆழமாகப் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, "அந்தக் கிடா மேய்ஞ்சிச்சு, அசை போட்டிச்சு, சுத்துச்சு. தன் இஷ்டத்துக்குத்தான் சுத்துதோம்னு நெனச்சிருக்கும். ஒன் கதையில அத எழுது" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "அப்பம் உத்தரவு குடுத்தது சாமியா, புழுவா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நேர்ச்சை தீர்ந்தது என்று எப்படிச் சொல்ல?

"சித்தப்பாட்ட சொல்லுவீயளா?"

"சொல்லணும். நான் சொல்லச் சொல்ல நீ எழுது, அவனுக்கு வாசிச்சுக் காட்டு."

இந்தக் கொடைக்கு வேறு கிடாய். குட்டியைப் பார்த்து வைத்துவிட்டேன், நேராக நடக்கிறது. சின்னவன் ஆபீஸ் விட்டு வந்து முற்றத்தில் கை கழுவுகிறான். ஏட்டி, அவன் காதில் விழுகிற மாதிரி முதலில் இருந்து வாசி. நான் பேசாமல் இருந்ததை விட்டுவிடாதே.