அம்மா கை வைத்த வாத்து முட்டைகள்

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அம்மா, அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, பக்கத்து வீட்டு மதாம், எட்டு வயது நான். இவர்களைத் தவிர, கூடையில் உட்கார்ந்திருந்த புள்ளிப் பெட்டை. அதன் வயிற்றுக்கு அடியில் ஒன்பது வாத்து முட்டைகள். முருங்கை மரத்தடியில் சேவலும் நின்றது. ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் ஆளாக மதித்ததில்லை. இந்தக் கணக்கில் பெரிய விஷயம் அம்மா இருந்ததுதான். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அம்மா கொல்லைக்கு வந்தது ஒரே ஒரு தடவை.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்கதவைத் திறந்தால் தெரு, பின்கதவைத் திறந்தால் கொல்லை. ஒரு முருங்கை, ஒரு வாழை, இரண்டு பாத்தி கீரை, கொஞ்சம் கத்திரிச் செடி, சுவர் ஓரம் கனகாம்பரம். குழாயில் தண்ணீர் காலையில் மட்டும் வரும் என்பதால் கோடையில் எந்தத் தண்ணீரும் ஒரே வேலையோடு தப்பிக்க முடியாது. அரிசி களைந்தது கீரைக்கு, குளித்தது வாழைக்கு. வாழையடியில் எப்போதும் ஒரு சின்னக் குட்டை நிற்கும். கோழிகள் அதில் அலகை நனைத்து அண்ணாந்து பார்க்கும். அம்மா அவற்றைத் திட்டிக்கொண்டே தீனி போடுவாள். கோழிகளுக்கும் அந்தத் திட்டு கேட்டால்தான் தீனி இறங்கும்.

அந்தக் கோடையில் திட்டு நின்றுபோனது. எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வர வேண்டியிருந்தது. பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "பாப்பாவ சாமி எடுத்துக்கிச்சி" என்று அத்தை சொன்னாள். அத்தை வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாக் கருவாடு கட்டிக்கொண்டு கிளம்பியவள், வழியிலேயே சேதி தெரிந்து, அந்தப் பையைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே தொங்கியது. எனக்குப் பால்சுறாப் புட்டு என்றால் உயிர். ஏன் யாரும் அதை எடுத்துச் சமைக்கவில்லை என்று தினமும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிறுவயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். அம்மா சாப்பிடாத தட்டைப் பார்த்தால் பயம். அம்மா தூங்கினால், மூச்சு வருகிறதா என்று முதுகைப் பார்ப்பேன். இப்படியே போனால் அம்மாவும் சாமியிடம் போய்விடுவாளோ என்று தோன்றும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு டெம்போ ஓட்டினார். பள்ளி லீவு என்பதால் என்னையும் சில நாள் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். அப்படி ஒரு காலையில் பாகூர்ப் பக்கம் போனோம். அறுப்பு முடிந்த வயலில் ஒரு வாத்துக்காரர் பட்டி போட்டிருந்தார். வைக்கோலுக்குள் கையை விட்டு, அப்போதுதான் இட்ட முட்டைகளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அவை என் மடியில்தான் இருந்தன. சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் தெரிந்தது. பச்சை ஓடிய வெள்ளை. கோழி முட்டையைவிடப் பெரிது.

"ஆம்லெட் போடு" என்று அப்பா அத்தையிடம் நீட்டினார்.

அத்தை அப்போது புள்ளிப் பெட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடை வந்திருந்தது. முட்டையே இல்லாத கூடையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அடை தெளியட்டும் என்று அத்தை அதைத் தூக்கித் தண்ணீரில் முக்குவாள். அது சொட்டச் சொட்ட மறுபடி போய் வெறுங்கூடையில் உட்காரும்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. பல நாள் பேசாத குரல், கரகரவென்று.

"அண்ணி, அத முக்காதீங்க. அந்த முட்டையத்தான் வெக்கிறது."

பிறகு அம்மாவே எழுந்து வந்தாள். அத்தை வாசலை மறித்தாள். "எம்மா, பச்ச உடம்பு. நீ தொடக்கூடாது. தீட்டுக் கை பட்டா அத்தினியும் கூமுட்டையா போயிடும். நவுரு, நான் வெக்கிறேன்."

அம்மா அவளைத் தாண்டிப் போனாள். கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க ஒரு கரித்துண்டும் ஆணியும் காய்ந்த மிளகாயும் வைத்து, ஒன்பது முட்டைகளையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அடுக்கினாள். பெட்டை ஏறி உட்கார்ந்து இறக்கையை விரித்து, எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அம்மா திரும்பிப் போய்ப் படுத்தாள்.

அப்பா சிரித்தார். "போயும் போயும் இதயா வெச்சே? அந்த வாத்துக்காரன் என்ன நல்லா ஏமாத்திட்டான். எல்லாம் பழைய முட்டை. ஒண்ணே ஒண்ணு பொரிஞ்சாலும் நூறு ரூபா தரேன்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய முட்டையா? என் மடியில் சுட்டதே! அப்பா எதற்கு இப்படிப் பொய் சொல்கிறார்? சொல்லிக்கொடுத்தால் அடி விழுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா தினமும் டெம்போவை நிறுத்திவிட்டு வந்ததும் அறை வாசலில் நின்று, "இன்னா, என் பழைய முட்டை பொரிஞ்சிச்சா?" என்பார். முதல் சில நாள் முதுகுதான் பதில் சொன்னது. ஒருநாள் அம்மா சுவரைப் பார்த்தபடியே, "நூறு ரூபாய எடுத்து வைங்க மொதல்ல" என்றாள். அன்று அம்மா இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள். ஆனால் அதனால் என் பயம் இடம் மாறியது. இப்போது எல்லாம் அந்த முட்டைகள் கையில் இருந்தது. பொரிந்தால் அம்மா எழுந்திருப்பாள். பொரியாவிட்டால், தான் தொட்டது எதுவும் பிழைக்காது என்று அத்தையோடு அம்மாவும் நம்பிவிடுவாள்.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. காக்கை கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கூடைக்கு மேலே தகரக் கூரை. பெட்டை வெந்துவிடுமோ என்று கோணியை நனைத்து மேலே போட்டேன். காய்ந்தது. மறுபடி நனைத்தேன். கோணியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பெட்டையின் முதுகு நனையும். அது என்னை முறைக்குமே தவிர எழுந்திருக்காது. கண்ணில் ஒரு சவ்வை இழுத்து மூடிக்கொண்டு, மூச்சு இரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இத்தனை சின்ன உடம்புக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அத்தை குளியலறைச் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். கோழிக் குஞ்சுக்கு இருபத்தொரு நாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். இருபத்தொன்றும் போனது. மறுநாளும் போனது. அதற்கு மறுநாள் மதில் அருகே நின்று அத்தை பக்கத்து வீட்டு மதாமிடம் மெல்லச் சொன்னாள், "நான் அப்பவே சொன்னேன் மதாம், கை படக்கூடாதுன்னு." அத்தையின் 'மெல்ல' கடலோரத்து மெல்ல, அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. அம்மாவின் அறை ஜன்னல் திறந்திருந்தது. அன்று அம்மாவின் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

இப்படியாகத்தான் அந்த நாள் வந்தது. மத்தியானம். அப்பா சாப்பிட வந்திருந்தார். வெயிலில் முட்டை வெடித்தால் தெருவே நாறும் என்று அத்தை கூடையைத் தூக்கப் போனாள். பெட்டை அவள் மணிக்கட்டில் கொத்தியது. "சனியனே, உனக்கும் புத்தி கெடயாது" என்று அத்தை கையை உதறியபோது, பின்கதவில் அம்மா நின்றிருந்தாள். தலைமுடி கலைந்து, கண் கூசி, நிலையைப் பிடித்துக்கொண்டு.

"வெச்சிடுங்க அண்ணி."

"இல்லம்மா, நாள் தாண்டிப் போச்சி…"

"சவா?" என்று மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. மதாம்தான். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நலமா என்று கேட்பதானாலும் மதாமுக்கு அந்த ஊர்ப் பேச்சுதான் முதலில் வரும். விஷயம் தெரிந்ததும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தூக்கிப் போடறதுக்கு முந்தி பாத்துடலாமே. ஒரு பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க. உசிரு இருந்தா ஆடும். எங்க மாமியா கிறிஸ்மஸ் வாத்துக்கு இப்டித்தான் பாப்பாங்க."

பேசின் வந்தது. அத்தை முட்டையை எடுக்கக் குனிந்தாள்.

"அக்கா, நீ தொடாத" என்றார் அப்பா. "பந்தயம் அவளோடது. நீ தொட்டா, அப்புறம் கள்ள ஆட்டம்னு சொல்லி எங்கிட்ட காசு கேப்பா."

இந்த நேரத்திலும் காசுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா மெதுவாக வந்து உட்கார்ந்தாள். பெட்டை அவளைக் கொத்தவில்லை. அவள் கை வயிற்றுக்கடியில் போனபோது கொஞ்சம் எம்பி இடம் கொடுத்தது. முதல் முட்டையை அம்மா தண்ணீரில் விட்டாள். அது பருத்த பக்கத்தை மேலே காட்டி மிதந்தது. அவ்வளவுதான். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஒன்பதாவது வரை ஒன்றும் அசையவில்லை. அப்பா முழங்காலில் உட்கார்ந்து, பேசின் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முருங்கை நிழல் தண்ணீரில் விழுந்து கிடந்தது. சேவல் கூட வாயைத் திறக்கவில்லை. அன்றுதான் அதை ஆள் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அப்போது, ஓரத்தில் கிடந்த ஒரு முட்டை தலையாட்டியது.

காற்றில்லை. யார் கையும் படவில்லை. முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் புறப்பட்டு, விரிந்து, பேசின் விளிம்பைத் தொட்டது. மறுபடி ஆடியது, உள்ளே யாரோ காலை நீட்டி மடக்குகிற மாதிரி. அடுத்த முட்டை ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு இன்னொன்று. வளையங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மூடிய ஓட்டுக்குள்ளிருந்து, கண் இல்லாத, வாய் இல்லாத ஏதோ ஒன்று, நான் இருக்கிறேன் என்று தண்ணீரில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் பல் கிட்டியது, அந்த வெயிலில். அதற்குப் பிறகு பெரிய கோயில், பெரிய தேர், கடலில் புயல் எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த பேசின் அளவுக்கு எதுவும் என்னை வாயடைக்க வைத்ததில்லை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தா!"

"வுவலா, பாத்தீங்களா!" என்று மதாம் பேசினைக் காட்டினார். "உசிரோடதான் இருக்குது. வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் வேணும்ல. கோழிக் கணக்க வாத்துக்குப் போட்டா அது இன்னா பண்ணும் பாவம்?"

அம்மா ஈரக் கையைத் தூக்கித் தன் கண்ணுக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையோ போல. பிறகு முந்தானையால் ஒவ்வொரு முட்டையாக ஒற்றிக் கூடையில் வைத்தாள். அப்பா பேசினை விடவில்லை. குனிந்தே இருந்தார். தண்ணீரில் மறுபடி வளையங்கள் வந்தன. முட்டைகளைத்தான் எடுத்துவிட்டார்களே, எப்படி வளையம் வருகிறது என்று நினைத்தேன். அப்பாவின் முகத்திலிருந்து சொட்டியது வியர்வை என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் ஏழு பொரிந்தன. மஞ்சளும் கருப்புமாக, சப்பை மூக்கோடு. நேராக வாழையடிக் குட்டைக்குப் போய் இறங்கிவிட்டன. பிள்ளைகள் மூழ்கிச் சாகின்றன என்று பெட்டை கரையில் சுற்றிச் சுற்றி ஊரைக் கூட்டியது. அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து, "ஏ கூறு கெட்டவளே, அது நீந்துற ஜாதிடி, நீ வேற" என்று திட்டினாள். திட்டு திரும்பி வந்துவிட்டது. அத்தை போய்ப் பால்சுறாப் பையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. கணக்கும் கெட்டிக்காரத்தனமும் அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. அப்பா ஏன் அந்தப் பொய்யைத் தினமும் சொன்னார் என்பது எனக்கே ஒரு பிள்ளை பிறக்கும் வரை ஒவ்வொரு நாளும் பயந்து செத்த பிறகுதான் விளங்கியது. முட்டை பழசு, வாத்துக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் ஊரறியச் சொல்லிவைத்திருந்தார். ஒன்றும் பொரியாமல் போயிருந்தால், பழி முட்டை மேல் போகும், ஏமாந்து வாங்கிய அவர் மேல் போகும். அம்மாவின் கை மேல் போகாது.

இதை நான் அவரிடம் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இருவருக்கும் சண்டை வந்தால் இன்றைக்கும் அம்மா, "மொதல்ல அந்த வாத்துக் கடன எடுத்து வைங்க, அப்புறம் பேசலாம்" என்பாள். அப்பா சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "சில்லறை இல்லடி" என்று நழுவிவிடுவார். போன வாரம் கூட அப்படித்தான். பாக்கி நூறு ரூபாய்.